சில்லறையில் அச்சுப்பிழை நாணயம் தேடுவது எப்படி

மளிகைக் கடையில் மீதி வாங்கிய சில்லறை போதும். கூடவே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு மேசை விளக்கு. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும். மேடுபள்ளம் அப்போதுதான் நிழலோடு தெரியும்.

முதலில் திருப்பிப் பாருங்கள். சிங்கம் நிமிர்ந்திருக்க, காசை மேலும் கீழும் விரலால் பிடித்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால் பூப்பக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. லேசான சாய்வு சாதாரணம். 90, 180 டிகிரிதான் தனியே எடுத்து வைக்கத் தக்கது. அமெரிக்கக் காசில் தலைகீழாக வருவதே முறை, அதனால் அந்த ஊர் வீடியோவை வைத்து நம் காசை அளக்காதீர்கள்.

விளிம்பில் பிறை வடிவில் கடித்ததுபோல் இருந்தால் அதற்கு நேரெதிர் விளிம்பையும் பாருங்கள். வெட்டுப்பட்ட வில்லையில் (அச்சு விழுமுன் இருக்கும் வெற்று உலோக வட்டு) அச்சடித்திருந்தால் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மங்கி இருக்கும். எதிர் விளிம்பும் மங்காமல் கூர்மையாக இருந்தால், வெளியே வந்தபின் யாரோ அரத்தால் ராவியிருக்கலாம்.

எழுத்தோ எண்ணோ காணவில்லையா? அச்சுக் குழியில் கிரீஸ் அடைத்திருந்தால் அந்த இடம் மட்டும் மழுங்கும், பக்கத்து எழுத்து கூர்மையாக நிற்கும். தேய்மானம் என்றால் மேடான எல்லாமே தட்டையாகும்.

எடையில்தான் நல்ல பிழைகள் பிடிபடும். 2011-இல் வந்த வரிசையில் இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஒரு ரூபாய் 3.79. இரண்டு ரூபாய் அச்சு ஒரு ரூபாய் வில்லையில் விழுந்தால் எடை குறையும், ஓரத்து எழுத்துகள் வெட்டுப்படும். எடை மட்டும் குறைந்து, பரப்பு சொரசொரப்பாக, எழுத்து மெலிந்திருந்தால் அமிலத்தில் ஊறிய காசு.

பத்து ரூபாயில் நடுவட்டம் இடம் மாறியிருந்தால் இணைப்பை லென்ஸில் பாருங்கள். வளையமும் வட்டமும் ஒரே அடியில் இறுகுவதால் அங்கே இடைவெளியோ கீறலோ இருக்கக் கூடாது. இருந்தால் கழற்றி மாட்டியதாக இருக்கலாம்.

ஆண்டுக்குக் கீழே உள்ள குறி எந்த நாணயச்சாலையில் அச்சடித்தது என்று சொல்லும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. குறி இல்லாததைப் பிழை என்று எண்ணிப் பலர் சேர்த்து வைக்கிறார்கள்.

கிடைத்ததைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், பரப்பு போனால் விலையும் போகும். பழைய காசை வாங்கி விற்பதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி கமிஷன், வரி கேட்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அந்த மோசடி பற்றி 2021-இலேயே வங்கி எச்சரித்திருக்கிறது.