விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றபின் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வந்து பத்து ஆண்டு உழைத்த இயங்குதளம் அது. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் கோயில் கமிட்டி அறைகளிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் வீட்டு மேசைகளிலும் இன்னும் அதைப் பார்க்கலாம்.

தேதி கடந்தபின் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் எதுவுமே நடக்காததுபோல் இருக்கிறார்கள். இன்னொரு சாரார் யாரோ சொன்னதைக் கேட்டுப் பதறி, நன்றாக ஓடும் கணினியை ஒரே நாளில் அகற்றிவிடுகிறார்கள். முதலாவது ஆபத்து என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்த அவசரத்தில் தொலைவது வேறெங்கும் பிரதி இல்லாத தமிழ்க் கோப்புகள்.

முதலில் "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 10-உம் 11-உம் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்கின்றன. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நிரலை ஒப்பிட்டு, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 11-இல் அடைக்கப்பட்ட அதே ஓட்டை, திருத்தம் வராத விண்டோஸ் 10-இல் திறந்தே கிடக்கும். ஆக, புதியதற்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதற்குள் நுழைய வழிகாட்டும் வரைபடம் ஆகிவிடுகிறது. மாதம் ஏற ஏற இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

2017-இல் நடந்தது இதற்குச் சான்று. அந்த ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டிருந்தது. மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகம் முழுதும் பரவியது. இரண்டு மாதம் கழிந்தும் திருத்தத்தைப் போடாதவர்களும், ஆதரவு இழந்த இயங்குதளத்தில் இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவியது.

"ஆண்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸுக்குத் தீநிரல் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்பது உண்மைதான். பச்சை டிக் திரையில் தெரிவதும் அதனால்தான். ஆனால் டிஃபெண்டர் உள்ளே வரும் தீநிரலை அடையாளம் காணப் பார்க்கும். இயங்குதளத்தின் உள்ளே உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. இன்னொன்றையும் பலர் கவனிக்கவில்லை: ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14-தான் கடைசி நாள். அனுப்புநர் தெரியாத வேர்டு கோப்பை அவற்றில் திறப்பது இப்போது கூடுதல் ஆபத்து.

கையில் இருக்கும் சலுகையைப் பயன்படுத்தாமல் விடுவது அடுத்த தவறு. சொந்தக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணினி அமைப்புகளைக் கிளவுடில் (இணையச் சேமிப்பிடத்தில்) சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் பரிசுத் திட்டத்தில் சேர்த்த 1000 புள்ளிகள் கொடுக்கலாம், அல்லது 30 டாலர் கட்டலாம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு உண்டு. ஒரே உரிமத்தில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால் கூட்டுக் குடும்பத்துக்கு மிகவும் வசதி. நிறுவனங்களுக்கு உள்ள திட்டம் வேறு. அதில் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. இந்தக் காலம் மாற்றத்துக்குத் தயாராக மட்டுமே. அதை ஓய்வுக் காலமாக எடுத்துக்கொண்டால் 2025-இல் நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தச் சமயம் பார்த்து "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று போன் வரும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மைக்ரோசாஃப்ட் தானாக யாரையும் அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை ஏற்றச் சொல்லாது. அப்படி ஒரு அழைப்பு வந்தால் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட வேண்டும்.

இனி, கணினியை மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வி. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கணினி தொடங்கும்போதே தீநிரல் நுழையாமல் காக்கும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை, அவற்றுக்குப் பின் வந்தவை தேறும். "உங்கள் கணினி தகுதியற்றது" என்று திரையில் வந்ததுமே கடைக்கு ஓடாதீர்கள். டி.பி.எம். வசதி இருந்தும் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் கணினியில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. கணினியில் எஃப்.டி.பி.எம். என்றும் அதற்குப் பெயர் இருக்கும். பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச நிரல், எது குறைகிறது என்று காட்டிவிடும்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி இயங்கினால், அங்கே செய்யும் மாற்றத்துக்குப் பிறகு கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் இல்லையேல் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. எந்தக் கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து, ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பயாஸ் அப்டேட் நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பழுதாகலாம். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் குறைந்துவிட்டாலும் நம் பகுதிகளில் மின்தடை இன்னும் வருகிறது. யூ.பி.எஸ். இல்லாமலோ, லேப்டாப் பேட்டரி நிறையாமலோ அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடும் வழிகள் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. சங்கத்தின் வங்கிக் கணக்கைப் பொருளாளர் பார்க்கும் கணினிக்கு இது ஆகாது. பழைய லேப்டாப்பை மலிவாக வாங்குகிறவர்கள் "விண்டோஸ் 11 போட்டிருக்கிறது" என்ற பேச்சோடு நிறுத்தாமல் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம் சங்கங்களின் பழைய கணினிகளில் காவடித் திருவிழா மலர்கள், பஜனைப் பாட்டுத் தொகுப்புகள், தமிழ்ப் பள்ளி வினாத்தாள்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பல, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, டேம், டேப் போன்ற முறைகளில் தட்டச்சானவை. அந்த முறைகளில் கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு புதிய கணினியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகப் பொருளில்லாமல் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அது கெடவில்லை, எழுத்துருதான் கூட வரவில்லை.

ஆகவே பழைய கணினி ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து அதன் எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக நகலெடுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும் என்பதால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். அதன்பின் நிதானமாக என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கொம்பு, துணைக்கால் சேரும் இடங்களிலும் ஸ்ரீ போன்ற எழுத்துகளிலும் பிழை வரும். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்களுக்கு இன்னும் அவசரம். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இப்போதைய பதிப்பு அவற்றைத் திறக்காது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் ஓரளவு திறக்கும், ஆனால் பக்க அமைப்பு குலையும். பேஜ்மேக்கர் ஓடும் கணினி இருக்கும்போதே பிடிஎஃப் எடுத்துவிடுவது நல்லது. லதா எழுத்துருவில் தட்டச்சானவை பற்றிக் கவலை வேண்டாம். அது யூனிகோடு. புதிய கணினியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழைய தோற்றமே வந்துவிடும்.

நகலெடுத்த டிஸ்க்கை அதே மேசை இழுப்பறையில் வைப்பதும் பெருந்தவறு. 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் 2024 ஜூனில் டோங்காட்டைத் தாக்கிய டொர்னேடோ சுழற்காற்றையும் பார்த்தவர்கள் நாம். ஒரு பிரதியாவது வேறு ஊரில், ஜோகன்னஸ்பர்க் உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், படங்கள் எல்லாம் அதில் அடங்கா. எழுத்துக் கோப்புகளுக்குத் தாராளம்.

விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் நல்ல மறுவாழ்வு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் இந்த நாட்டில் வெல்கம் ஊரில் பிறந்தவர். 2004-இல் முதல் பதிப்பு வந்தது. இணையம் விலை உயர்வாக இருந்த அந்தக் காலத்தில் சிடியில் லினக்ஸைப் பதிந்து கொடுக்கும் ஃப்ரீடம் டோஸ்டர் பெட்டிகளையும் அவருடைய அறக்கட்டளை இங்கே பல இடங்களில் வைத்திருந்தது. லினக்ஸில் பிரவுசர் வழியாக வங்கி வேலையும் வரிக் கணக்கும் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்க்கலாம். ஆனால் பழையதை அழித்துவிட்டு ஏற்றுவது தவறு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பாஸ்டல் போன்ற விண்டோஸ் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடைகளுக்கு இது ஒத்துவராது. இணையப் படிவங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 முடிவில் ஆதரவு நின்றபோது, மிச்சமிருந்த சில படிவங்களுக்காக வரித்துறை 2021 ஜனவரியில் தனி பிரவுசர் ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. அது விண்டோஸில்தான் ஓடியது. உங்கள் வேலை எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்று பட்டியல் போடாமல் எதற்கும் மாறாதீர்கள்.

பழைய கணினியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நல்லெண்ணத்திலும் ஒரு பிழை நேர்கிறது. உறுப்பினர்களின் அடையாள எண், முகவரி, நன்கொடை விவரம் அதிலேயே இருக்கும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காப்பது சங்கத்தின் கடமை. அந்த விவரங்கள் வேறு கைக்குப் போனால் தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் உறுப்பினர்களுக்கும் அறிவிக்க வேண்டிவரும். ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் அகற்றும் தேர்வோடு டிரைவைத் துடைக்கும் தேர்வையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு முன் சில மாதங்கள் இணையத்தோடு இணைக்காமல் கணினியை அப்படியே வைத்திருப்பது நல்லது. "அந்தப் பழைய மலர் எங்கே" என்று யாராவது கேட்கும்போதுதான் விட்டுப்போனது தெரியவரும். ஓடவே ஓடாததைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.