ஜெட் ஸ்கி மீட்டரை ரீசெட் செய்கிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மதியம் ஒரு மணி வெயிலில் நண்பர் ஒருவர் போன் செய்தார். "மீட்டர் செத்துப்போச்சு, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியும் பார்த்துட்டேன், இன்னும் கறுப்பாத்தான் இருக்கு" என்றார். கரைக்குப் போய்ப் பார்த்தால் அவர் கண்ணில் போலரைஸ்டு கூலிங் கிளாஸ். கழற்றச் சொன்னேன். வேகம், எரிபொருள், கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்தன. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் வடிகட்டப்பட்டு வருகிறது, அந்த வகைக் கண்ணாடியும் ஒளியை வடிகட்டுகிறது, இரண்டும் குறுக்காக அமைந்தால் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும். தலையை ஒரு பக்கம் சாய்த்தாலே எண்கள் தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் தந்தது வேறு விஷயம். கழற்றி மாட்டிய நெகட்டிவ் முனையின் போல்ட்டை அவர் விரலால் மட்டும் திருகிவிட்டிருந்தார். அந்த நிலையில் கடலுக்குள் போய் நாலு அலையில் குதித்திருந்தால், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் எஞ்சின் நின்றிருக்குமோ தெரியாது.

மீட்டர் விஷயத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த மாதிரிதான். ஏன் அப்படிக் காட்டுகிறது என்று பார்க்கும் முன்னால் கை ரீசெட்டுக்குப் போய்விடுகிறது.

முதல் குழப்பம் சொற்களிலேயே இருக்கிறது. கிலோமீட்டரா மைலா என்று மாற்றுவது, கடிகாரத்தைத் திருத்துவது, இதெல்லாம் வெறும் செட்டிங். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குவதும் சர்வீஸ் நினைவூட்டலை அணைப்பதும் ரீசெட். சென்சார் சொல்லும் அளவும் உண்மையான அளவும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்வதுதான் கேலிபரேஷன், அதைச் செய்ய எல்லா வண்டியிலும் நமக்கு வழி தரப்படவில்லை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அலகு மாறியிருக்கும், மொழி மாறியிருக்கும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

அலகு மாறுவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டிகளில் மைல் கணக்கு இருப்பது சகஜம். திரையில் 60 என்று பார்த்து நிதானமாகப் போகிறோம் என்று நினைப்பவர் உண்மையில் மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பார். படகுத்துறைக்குப் பக்கத்தில் 5 நாட் வரம்பு என்று பலகை வைத்திருந்தால் அது மணிக்கு 9.3 கிலோமீட்டர், அவ்வளவுதான். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது பேட்டரி, இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திரை மங்குவது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் அணைந்து திரும்ப எரிவது, கடிகாரம் தானாகப் பூஜ்ஜியத்துக்குப் போவது, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கு எரிவது, இவற்றுக்குப் பின்னால் பல தடவை இருப்பது பலவீனமான பேட்டரியோ உப்புப் பிடித்த முனையோதான். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல், சார்ஜரையும் கழற்றிச் சில மணி நேரம் விட்ட பிறகு, நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.0 பக்கம் இருந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, அந்த நிலையில் மீட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அப்புறம் முனையின் மேலிருக்கும் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருக்கும், வயரின் செம்பு இழைகளுக்குள்ளேயே அந்தப் பச்சை ஏறியிருக்கும். கடல் நீரில் ஓடும் வண்டியில் ஒரே சீசனில் இது வந்துவிடும்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டியின் அடிவயிற்றில் தங்கும், அங்கே ஒரு பொறி போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், கையிலிருக்கும் ஸ்பேனர் எஞ்சின் உலோகத்தில் பட்டதுமே ஷார்ட் ஆகும். மாட்டிய பிறகு ஸ்பேனர் வைத்தே இறுக்குங்கள், கையால் ஆட்டிப் பாருங்கள்.

திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, டிரெய்லரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்வது இன்னொரு தவறு. பல மாடல்களில் எஞ்சினை ஓட்டாமலே திரையை எழுப்ப முடியும், அதற்கான வழி வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். தண்ணீர் இல்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று யமஹா புத்தகம் எச்சரிக்கிறது. சீ-டூ என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சின் தனிக் கூலன்ட்டில் குளிர்ந்தாலும் அதன் எக்ஸாஸ்டுக்கு வெளித் தண்ணீர் வேண்டும். ஹோஸ் மாட்டி ஓட்டுவதாக இருந்தால் எஞ்சின் முதலில், தண்ணீர் அப்புறம். நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடி, அப்புறம் எஞ்சின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாக எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் போய்விடும். மூடிய ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது, புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சர்வீஸ் நினைவூட்டலுக்கு வருகிறேன். திரையில் அது வந்ததும் எரிச்சலில் ரீசெட் செய்துவிட்டு ஆயிலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் நிறைய. அந்த விளக்கு ஆயிலைச் சோதித்துப் பார்த்து எரிவதில்லை, வெறும் மணிக்கணக்கை எண்ணுகிறது. நீங்கள் அழித்தால் அது மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும், பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். யமஹாவில் முதல் 10 மணி நேரத்தில் ஒரு சர்வீஸ், அப்புறம் பொதுவாக 100 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. வருடத்துக்கு 20 மணி நேரம்கூட ஓட்டாதவர்கள் அந்த 12 மாதத்தை மறந்துவிடுகிறார்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு, அதே இடத்தில் நின்று ரீசெட் செய்யுங்கள். அன்றைக்கு மொத்த மணி நேரம் எவ்வளவு என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த மணி நேரத்தை அழிக்க வழி தேடுகிறவர்களும் உண்டு. உரிமையாளர் அழிப்பதற்காக வைக்கப்பட்ட எண் இல்லை அது. விற்கும்முன் அதில் கை வைப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான். அவர் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகப்போகிறார்.

வேகம் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, இது ஜி.பி.எஸ் வேகமா, சக்கர வேகமா என்பதுதான். பழைய வண்டிகளில் பின்பக்கம் தண்ணீருக்குள் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதிலுள்ள காந்தம் சுற்றுவதை வைத்து வேகம் கணக்காகிறது. அந்தச் சக்கரத்தில் பாசி, மணல், தூண்டில் நரம்பு சிக்கினால் வேகம் குறைவாகவோ பூஜ்ஜியமாகவோ காட்டும். கேலிபரேஷனில் எண்ணை ஏற்றி அதைச் சரிக்கட்டினால், பாசி போன அன்று வேகம் கூடுதலாகக் காட்டும். முதலில் விரலால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்ற வேண்டும். இன்னொன்று, இந்தச் சக்கரம் தண்ணீரை வைத்து அளக்கிறது, ஜி.பி.எஸ் நிலத்தை வைத்து அளக்கிறது. முகத்துவாரத்தில் நீரோட்டம் மணிக்கு 5 கிலோமீட்டர் இருந்தால், எதிர்த்துப் போகும்போது போனிலிருக்கும் வேகம் மீட்டரைவிட 5 குறைவாகவும், கூடவே போகும்போது 5 அதிகமாகவும் இருக்கும். இரண்டுமே சரிதான். ஒப்பிட வேண்டுமானால் அமைதியான நீரில், ஒரே பாதையில் போய்த் திரும்பி, இரண்டின் சராசரியைப் பாருங்கள். ஜி.பி.எஸ் உள்ள வண்டியில் வேகத்துக்குத் திருத்தம் செய்ய ஒன்றுமில்லை. பல நாள் கழித்து எடுக்கும்போது திறந்த வானத்தின் கீழ் சில நிமிடம் பொறுங்கள், அது செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

சில சமயம் மீட்டரும் சரியாக இருக்கும், சென்சாரும் சரியாக இருக்கும், வண்டியே வேகம் போகாது. அப்போது சாவியைப் பாருங்கள். சீ-டூவில் புதியவர்களுக்கென்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கற்றல் சாவி தனியாக உண்டு, கவாசாகியிலும் அப்படி ஒன்று உண்டு, யமஹாவில் அதே வேலைக்கு எல் மோடு. வீட்டில் இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கும், எதை எடுத்து வந்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. சீ-டூவில் சாவியை மாட்டும்போது இரண்டு குறுகிய பீப் வந்தால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். ஒரே நீண்ட பீப் என்றால் சாவிக்குள்ளோ அது உட்காரும் இடத்திலோ உப்பும் அழுக்கும் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

எரிபொருள் மீட்டரில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. டாங்கிக்குள் மிதவை மேலும் கீழும் போவதை வைத்துத்தான் அந்தக் கட்டங்கள் ஏறி இறங்குகின்றன. டிரெய்லரில் மூக்கு தூக்கி நிற்கும்போது ஒன்று காட்டும், தண்ணீரில் சமமாக நிற்கும்போது வேறு காட்டும், அலையில் பெட்ரோல் குலுங்கும்போது மூன்றாவதாக ஒன்று. தண்ணீரில் சமமாக மிதக்கவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பார்த்த எண்ணை மட்டும் நம்புங்கள். கட்டம் இறங்காமலே நிற்கிறது என்று ரீசெட் செய்து பலனில்லை, மிதவை சிக்கியிருக்கலாம், கனெக்டரில் உப்பு ஏறியிருக்கலாம், டாங்கியைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை அது. சீ-டூ ஸ்பார்க்குக்கு 30 லிட்டர், யமஹா எஃப்எக்ஸ் வகைக்கு 70, ஆகவே ஒரு கட்டம் என்பது வண்டிக்கு வண்டி வேறு அளவு. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று படகோட்டிகள் வைத்திருக்கும் கணக்கை மீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விடாதீர்கள்.

காம்பஸ் உள்ள வண்டியில், அதைத் திருத்தும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடிக்கு அருகே மாட்டிய ப்ளூடூத் ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் ஹோல்டர், இரும்புப் படகுத்துறை, எல்லாமே திசையை இழுக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கரையிலிருந்து விலகி, அமைதியான நீரில் புத்தகம் சொல்லும்படி மெதுவாக வட்டமடியுங்கள். அப்புறம் ஸ்பீக்கரை மறுபடி அதே இடத்தில் மாட்டினால் செய்ததெல்லாம் வீண்.

கடைசியாக, பிழைக் குறியீடு வந்தால் அழிக்கும் முன் எழுதி வையுங்கள், அல்லது படம் எடுங்கள். எந்த நேரம், எவ்வளவு வேகம், சூடாக இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எஞ்சின் சூடாகி வேகத்தைத் தானாகக் குறைத்திருந்தால், வண்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சிக்கியிருக்கலாம். எஞ்சினை அணைத்து, லேன்யார்டை, அதாவது ஓட்டுபவர் உடலோடு இணைத்துக்கொள்ளும் எஞ்சின் நிறுத்தக் கயிற்றை, வண்டியிலிருந்து கழற்றிய பிறகுதான் அங்கே கை போக வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது சீ-டூவுக்கு பட்ஸ், யமஹாவுக்கு ஒய்டிஐஎஸ், கவாசாகிக்கு கேடிஎஸ் என்று அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் அவரிடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் உள்ளே பதிவாகியிருக்கும் குறியீடுகளை அவரால் படிக்க முடியும், நீங்கள் எடுத்த படத்தையும் அதோடு சேர்த்துக் காட்டுங்கள்.