தோள் இறங்கினால் கோபமும் இறங்குகிறது

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே எரிச்சல் மூக்கு நுனியில் நிற்கும். கழுத்தும் தோளும் இறுகிப்போயிருக்கும். முதலில் உடம்பைச் சரிசெய்வோம் என்று தோன்றியது.

சிங்கப்பூரின் பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பீஷான் - அங் மோ கியோ பூங்கா வழியாக நடக்கத் தொடங்கினேன். கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை அங்கே வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகவே மாற்றி, 2012-இல் பூங்காவை மீண்டும் திறந்தார்கள். சிலநாள் நீர்நாய்க் குடும்பமே கரைப்புல்லில் புரண்டு ஈரம் துடைத்துக்கொண்டிருக்கும். கைப்பேசியை எடுக்கவே மனம் வராது.

எனக்குப் பெரிய பலன் மூச்சில்தான். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவேன். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. முதலில் தாடை தளரும், அப்புறம் தோள் தானாக இறங்கும். இதை அவசரப்படுத்தவே கூடாது.

ராத்திரி கைப்பேசி சமையலறையில்தான் சார்ஜ் ஆகிறது. மழை நாளில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்திலேயே சுற்றி வருவேன். "இன்னிக்கு நடந்தீங்களாம்மா?" என்று மகள் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறாள்.

இத்தனைக்கும் பிறகும் மனப்பாரம் தாங்கவில்லை என்றால் தயங்காமல் 1767-ஐ அழையுங்கள். மனநெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 24 மணி நேர எண் அது.