பாதுகாக்கப்பட்ட ஆற்றிலிருந்து பாசன நீர் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழலியல் பாதுகாப்புக்கு உட்பட்ட ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: எடுக்கும் நீரை நாம் ஆண்டுக் கணக்கில் பார்க்கிறோம், ஆற்று மீனோ அன்றன்றைய ஓட்டத்தை நம்பி வாழ்கிறது. நீர் எடுக்கும் உரிமத்தில் குறித்த ஆண்டு அளவைத் துளியும் மீறாத பண்ணைகூடக் கோடையின் ஒரே வாரத்தில் ஓடையை வற்றடித்துவிட முடியும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச 10 கன மீட்டர் வேண்டும். 10 ஹெக்டேருக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 2,500 கன மீட்டர் ஆகிறது. இதை ஒரே நாளில் இறைத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 29 லிட்டர் வீதம் ஆற்றிலிருந்து போகும். அப்போது ஓடையில் விநாடிக்கு 100 லிட்டர்தான் ஓடுகிறது என்றால், கால் பங்குக்கும் மேல் ஒரே பண்ணைக்குப் போய்விடுகிறது; அதே அளவுள்ள நான்கு பண்ணைகள் ஒரே நாளில் மோட்டாரைப் போட்டால் ஓடையில் எதுவும் மிஞ்சாது. அண்டைப் பண்ணைகளோடு பேசி, முறை வைத்து இறைக்காமல் இருப்பதே இங்கே முதல் தவறு. அதே நீரை ஐந்து நாட்களுக்குப் பரப்பினால், ஒரு பண்ணையின் பங்கு விநாடிக்கு 6 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

“ஆற்றில் கை வைக்கவில்லை, போர்வெல்லில்தான் எடுக்கிறோம்” என்ற சமாதானம் இதைவிட ஆபத்தானது. மழையற்ற நாட்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீரே. கிணறு முதலில் நிலத்தடிச் சேமிப்பைக் குறைக்கிறது. போகப் போக, ஆற்றுக்கு வர வேண்டிய ஊற்றை மறிக்கிறது. ஒரே நீர்த்தாங்கியில் (நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண், பாறை அடுக்கில்) ஆற்றிலிருந்து கிணற்றின் தூரம் இரு மடங்கானால், அதன் பாதிப்பு வந்து சேரும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காக நீள்கிறது. ஆகவே ஆறு குறைந்தபின் தொலைவிலுள்ள கிணற்றின் மோட்டாரை நிறுத்துவது ஆற்றுக்கு உடனடிப் பயன் தராது. பல மாதங்களுக்கு முன் இறைத்ததன் விளைவைத்தான் ஆறு அன்றைக்கு அனுபவித்துக்கொண்டிருக்கும். கிணற்று நீரைக் கணக்கில் விட்டுவிடுவதும் தவறு என்பதற்கு ஸ்பெயினின் தோன்யானா ஈரநிலம் கண்கூடான சான்று. அங்கே நிலத்தடி நீர் எடுப்பைக் கணக்கிட்டபோது சட்டவிரோத இறைப்பு சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்பதை 2021-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஸ்பெயினின் கடமை மீறலாகத் தீர்ப்பளித்தது. கணக்கில் வராத கிணறு ஆற்றைப் பொறுத்தவரை இருக்கும் கிணறுதான்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறியதும் ஆறு பிழைத்துவிட்டதாக நினைப்பதும் தவறு. வாய்க்கால் பாசனத்தில் ‘வீணாகும்’ நீரில் ஒரு பகுதி கசிந்து மீண்டும் ஆற்றுக்கே வருகிறது. மிச்சப்படுத்திய நீரைக் கொண்டு சாகுபடிப் பரப்பைக் கூட்டினால், பயிர் குடிக்கும் மொத்த நீர் கூடும். ஆற்றுக்குத் திரும்பும் நீர் குறையும். மிச்சமானது ஆற்றில் விடப்பட்டால்தான் அது சேமிப்பு.

பெருக்குக் காலத்தில் பண்ணைக் குட்டையை நிரப்பிக்கொண்டு கோடையில் ஆற்றைத் தொடாமல் இருப்பது நல்ல வழியே. ஆனால் வெள்ளமெல்லாம் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற எண்ணத்தில் முதல் பெருக்கையே மடக்கக் கூடாது. படுகையில் படிந்த வண்டலை அடித்துச் செல்வதும், பல மீன் இனங்களை முட்டையிட மேலேறச் செய்வதும் அந்தப் பெருக்குதான்.

கருவிகளிலும் கவனம் தேவை. குழாய் வளைவை ஒட்டியோ, குழாய் நிறைந்து ஓடாத இடத்திலோ பொருத்திய நீர்மானி தவறான அளவையே காட்டும். உறிஞ்சு குழாயின் வாயில் சிறிய சல்லடையைக் கட்டினால், குறுகிய பரப்பில் நீர் வேகமெடுத்து மீன்குஞ்சுகளைச் சல்லடையோடு அப்பிக் கொன்றுவிடும். கண் சிறியதாக இருந்தால் மட்டும் போதாது, சல்லடையின் பரப்பும் பெரிதாக இருக்க வேண்டும். ஓட்டம் எந்த அளவுக்குக் குறைந்தால் இறைப்பை நிறுத்த வேண்டும் என உரிமம் சொல்கிறதோ, அந்த அளவு ஆற்றின் எந்த இடத்தில் அளக்கப்படுகிறது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் வயலோரம் நீர் ஓடுகிறதே என்று மோட்டாரை ஓட்டுபவர், கீழே அளவுமானி உள்ள இடத்தில் ஓட்டம் ஏற்கெனவே அந்த வரம்புக்குக் கீழே இறங்கியிருப்பதை அறியாமலே இருப்பார்.