தோட்டத்து லயங்களில் 24 மணிநேரச் சிறுநீர் சேகரிப்பு: களப்பணியாளருக்கு

ஒரு தடவைச் சிறுநீர் போத்தலுக்கு வராமல் போனாலே உப்பு, புரதம், கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) எல்லாமே குறைவாக வரும். ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தோட்டங்களில் அது தவறுவது அநேகமாக மலையில் (தேயிலைக் காட்டில்), கொழுந்தெடுக்கும் நேரத்தில்தான். ஆகவே முதலில் எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள். புரதத்தைப் பார்க்கும் ஆய்வுக்கு ஞாயிறு நல்லது. கடும் உழைப்பு தற்காலிகமாகப் புரதத்தைக் கூட்டிவிடும். சிறுநீரகக் கல், தண்ணீர் குடிக்கும் அளவு, சிறுநீரை அடக்கும் பழக்கம் பற்றியதென்றால் வேலைநாளில்தான் எடுக்கவேண்டும். மலையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுப் போத்தலில் அது தெரியாது. உப்புக்கும் வேலைநாளே சரி, ஞாயிற்றுச் சமையல் வேறு.

துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி தோட்டத்துக்குள் போவதற்கு மட்டும். சம்மதத்தை ஆளிடமே கேட்கவேண்டும், அதுவும் அந்தியில், அவர்கள் குடியிருக்கும் லயத்தில். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி (மேற்பார்வையாளர்) நிற்கும்போது கேட்டால் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். அது சம்மதம் ஆகாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் பேரோ (வேலைநாள் கணக்கோ) சம்பளமோ குறையாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆளுக்கு 3 லீற்றர் போத்தல் ஒன்று, வாயகன்ற பிளாஸ்டிக் ஜக் ஒன்று, மலைக்கு 1 லீற்றர் போத்தல் ஒன்று, வெளியே தெரியாத கறுப்புப் பை ஒன்று. பெரிய போத்தலை மூடியோடு வெறுமையாகத் தராசில் நிறுத்து, எடையையும் ஆய்வு இலக்கத்தையும் போத்தலின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் ஒட்டினால், ஒரே காம்பராவில் (லய அறையில்) இருவர் சேகரிக்கும்போது மாறிப்போகும். கல்சியம், ஒக்சலேட் பார்ப்பதற்கு அமிலம் வேண்டுமென்றாலும் லயத்துக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் இடம். ஆய்வுகூடத்துக்கு வந்தபின் ஒரு பங்கில் சேர்த்தாலும் போதும். யூரிக் அமிலத்துக்கு அமிலம் சேராத பங்கு தனியாக வேண்டும்.

காலை 5.30க்கு எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறிக்கவேண்டும். அதன்பிறகு வருவதெல்லாம் போத்தலுக்கு. மறுநாள் அதே 5.30க்குப் போவதும் உள்ளே சேரவேண்டும், அத்தோடு முடிந்தது. அதிகம் பிழைப்பது இந்த இரண்டு முனையில்தான். முதலாவதைச் சேர்த்தால் கணக்குக் கூடும், கடைசியைக் கொட்டினால் குறையும். மலம் கழிக்கும்போது வரும் சிறுநீரையும் பலர் விட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாதவிடாய், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

போத்தலை வெயில் படாத, குளிர்ந்த மூலையில் வைக்கச் சொல்லுங்கள். நுவரெலியாக் குளிரில் அடியில் வெண்மையாகவோ செங்கல் நிறத்திலோ வண்டல் படியும். அது அடியில் படிந்தபடியே இருக்க மேலிருந்து பங்கு பிரித்தால் கல்சியமும் யூரிக் அமிலமும் குறைவாக வரும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு, தலைகீழாகப் பலமுறை புரட்டி, வண்டல் கலங்கியபின் எடுங்கள். அளவுக்குத் தராசே நம்பகமானது: நிறைந்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிலீற்றர்.

நாள் முழுதுக்குமான அளவு 500 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு கிரியேட்டினினைப் பாருங்கள். 48 கிலோ பெண்ணுக்கு 900 மில்லிலீற்றர், அதில் டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றருக்கு) 45 மில்லிகிராம் கிரியேட்டினின் என்றால் நாளுக்கு 405, கிலோவுக்கு 8.4 மில்லிகிராம். நடுவயதுப் பெண்ணுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 வரை எதிர்பார்ப்போம். இது விடுபட்ட போத்தலாக இருக்கலாம். ஆனால் மெலிந்த, வயதான உடம்பில் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவாகத்தான் வரும். இந்தக் கணக்கை மட்டும் வைத்து அவரை ஆய்விலிருந்து தள்ளாதீர்கள். "எத்தனை தடவை விட்டுப்போச்சு?" என்று கோபமில்லாமல் கேளுங்கள், பதிலையும் பதியுங்கள். ஒன்றுக்கு மேல் விட்டிருந்தால் இன்னொரு நாள் எடுக்கலாம்.

முடிவை அவரவர் கையில் கொடுங்கள். தனியாக எடுத்த காலைச் சிறுநீரில் அல்புமின் (ஒருவகைப் புரதம்)–கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தோடு அனுப்பி, 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருமுறை கூடியதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லிவிடக் கூடாது.