வெள்ளை ஓரம் விழாமல் வீட்டிலேயே போட்டோ அச்சிடுவது எப்படி?

சென்ற தை மாதம் காரைக்குடியில் எங்கள் ஐயாவின் எண்பதாம் கல்யாணம் நடந்தது. பங்காளிகளையும் தாயபிள்ளைகளையும் முகப்புப் படிகளில் வரிசையாக நிற்க வைத்து ஒரு குழுப் படம் எடுத்தோம். எல்லாரும் ஊர் திரும்புவதற்குள் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அச்சிட்டேன். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இல்லாமல், ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய படம் போலவே வந்தது. அப்பத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எல்லாம் சரிதான் அப்பு, சித்தப்பாவின் தோளை எங்கே காணோம்?” என்று கேட்டார்.

கணினித் திரையில் அந்தத் தோள் முழுதாக இருந்தது. தாளில்தான் இல்லை. எங்கே போனது என்று தேடியபோதுதான் ஓரமில்லா அச்சு எப்படி நடக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. முதல் முறையாக முயல்கிறவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் தாளும் மையும் மிஞ்சும்.

தாளின் விளிம்போடு மிகச் சரியாக மையை நிறுத்த எந்த வீட்டு பிரிண்டராலும் முடியாது. உருளைகள் தாளை இழுக்கும்போது அது ஒரு மயிரிழை இடமோ வலமோ விலகத்தான் செய்யும். அதனால் ‘பார்டர்லெஸ்’ என்று சொன்னதும் பிரிண்டர் உங்கள் படத்தைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்கிறது. மிஞ்சும் பகுதியைத் தாளுக்கு வெளியே தெளித்துவிடுகிறது. தாள் ஓடும் பாதைக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டைகள் அந்த மையை உறிஞ்சிக்கொள்கின்றன. சித்தப்பாவின் தோள் அந்தப் பஞ்சில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. ஓரமில்லாமல் வேண்டுமென்றால் நான்கு பக்கமும் கொஞ்சம் படத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதைப் பிரிண்டரிடம் விடாமல் நாமே முடிவு செய்வதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: உங்கள் பிரிண்டரால் முடியுமா?

லேசர் பிரிண்டரில் இது நடக்காது. இங்க்ஜெட்டிலும் எல்லா மாடல்களுக்கும் இந்த வசதி கிடையாது. சிலவற்றில் 4×6 அங்குலம் வரைதான் உண்டு, ஏ4 அளவில் இல்லை. கையேட்டில் ‘பார்டர்லெஸ்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். சாதாரண வெள்ளைத் தாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் பல பிரிண்டர்கள் அந்த வசதியையே காட்டாது. போட்டோ பேப்பர் என்று மாற்றிய பிறகுதான் அது திரையில் தெரியும்.

வசதியே இல்லையென்றாலும் வருந்த வேண்டாம். ஏ4 போட்டோ பேப்பரில் இரண்டு 4×6 படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து அச்சிட்டு, இரும்பு ஸ்கேலும் கூரான கட்டரும் கொண்டு வெட்டி எடுங்கள். ஓரம் கச்சிதமாக வரும், படத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. வசதி உள்ள பிரிண்டர் வைத்திருந்தும், முக்கியமான குழுப் படங்களுக்கு நான் இன்றும் இந்த வழியைத்தான் நம்புகிறேன்.

இரண்டாம் படி: தாள்

4×6 அளவில் பளபளப்பான போட்டோ பேப்பர், 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேல் இருந்தால் கையில் பிடிக்க நன்றாக இருக்கும். உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். பாக்கெட்டைத் திறந்தே போட்டு வைக்காதீர்கள். தாள் வளைந்துகொண்டால் அதன் மூலை, மை தெளிக்கும் மைத்தலையில் உரசும், ஓரத்தில் கறுப்புத் தீற்றல் விழும்.

மூன்றாம் படி: படத்தை 3:2 விகிதத்துக்கு வெட்டுங்கள்

பெரும்பாலான செல்போன்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 4×6 தாளின் விகிதம் 3:2. இரண்டும் ஒன்றல்ல. 4000×3000 பிக்சல் உள்ள படம் அந்தத் தாளை நிரப்ப வேண்டுமானால் 4000×2667 ஆகச் சுருங்க வேண்டும். உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது. நீங்கள் வெட்டாவிட்டால் மென்பொருள் மேலும் கீழும் சமமாக வெட்டிவிடும். தலைக்கு மேல் தேக்கு விட்டம் வீணாக நிற்கும், படியில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் கால்கள் போய்விடும். எனவே செல்போனிலேயே 3:2 என்று வைத்து, எங்கே வெட்டுவது என்பதை உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தெளிவான 4×6 அச்சுக்கு 1800×1200 பிக்சல் போதும். ஏ4 என்றால் 3508×2480 தேவை. வாட்ஸப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். அனுப்பியவரிடமே கேட்டு, ‘டாக்குமெண்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

நான்காம் படி: எவ்வளவு போகிறது என்று அளந்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரே ஒரு தாள் செலவாகும், அதற்குப் பிறகு அந்த பிரிண்டரைப் பற்றி ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது.

பெயிண்ட் போன்ற ஏதாவது ஒரு வரைகலை மென்பொருளில் 1800×1200 பிக்சலில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். 4×6 தாளில் 12 பிக்சல் என்பது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். விளிம்பிலிருந்து 12 பிக்சல் உள்ளே சிவப்பில் ஒரு செவ்வகம், 24 பிக்சலில் நீலம், 36-இல் பச்சை, 48-இல் கறுப்பு, 60-இல் ஆரஞ்சு என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து செவ்வகங்கள் வரையுங்கள். அதைப் போட்டோ பேப்பரில் ஓரமில்லாமல் அச்சிடுங்கள். உங்கள் படங்களை எந்த மென்பொருளிலிருந்து அச்சிடப் போகிறீர்களோ, அதிலிருந்தே இதையும் அச்சிட வேண்டும்.

என் தாளை வளவின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் சிவப்பும் நீலமும் இல்லை, பச்சையிலிருந்துதான் தொடங்கியது. வலப்பக்கம் சிவப்பு மட்டும் போயிருந்தது. மேல் ஓரத்தில் நீலக் கோடு ஒரு முனையில் தெளிவாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, மறுமுனைக்கு வருமுன் விளிம்பில் கரைந்துவிட்டது. தாள் சற்றுக் கோணலாக உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தாளின் இருபுறமும் வழிகாட்டிகளை ஒட்டி நகர்த்தி மறுபடி எடுத்தபோது கோடு நேரானது. ஆனாலும் இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் போவது போகத்தான் செய்தது. அது என் பிரிண்டரின் சுபாவம். உங்களுடையது வேறு மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து முகமோ கையோ எழுத்தோ எதுவானாலும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கும்படி வெட்டுகிறேன். படம் எடுக்கும்போதே வரிசையின் இரு கோடியிலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு எடுப்பது அதைவிட நல்லது.

நம் பக்கத்துப் படங்களுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைச் சுற்றிலும் கரைக்கல் ஓடும் அல்லவா? அந்தக் கரை படத்தின் விளிம்பை ஒட்டி வரும்படி வைத்தால் அழகாக இருக்கும் என்றுதான் தோன்றும். அச்சில் ஒரு பக்கம் கரை முழுதாகவும் மறுபக்கம் பாதியாகவும் வரும்போது, கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை நேர் எதிரே நின்று எடுத்தாலும் இதே கதைதான். ஒன்று, கரையை முழுதாகவே வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். படத்தைச் சுற்றி நீங்களாகவே கோடு போடும் பழக்கம் இருந்தால் ஓரமில்லா அச்சுக்கு அதை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: அமைப்புகள்

அச்சுத் திரையில் மூன்று இடங்களை மாற்ற வேண்டும். தாளின் அளவு 4×6, தாளின் வகை பளபளப்பான போட்டோ பேப்பர், தரம் உயர்ந்தது. பிறகு ‘பார்டர்லெஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எப்சனில் அது தனிக் கட்டமாக இருக்கும். கேனனில் பக்க அமைப்பில் வரும். மேக் கணினியில் தாள் அளவின் பட்டியலிலேயே ஓரமில்லா அளவு தனியாக இருக்கும்.

இவ்வளவும் செய்தும் வெள்ளை ஓரம் விழுந்தால் பெரும்பாலும் பிரிண்டர் மீது தவறு இருக்காது. படத்தைத் திறந்த மென்பொருள் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்று தானாகவே சுருக்கியிருக்கும். ‘பக்கத்தை நிரப்பு’ என்பதற்கு மாற்றுங்கள்.

படத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கும் பல பிரிண்டர்களில் ஓர் அமைப்பு உண்டு. அதைக் குறைத்தால் படம் குறைவாகப் போகும், ஆனால் தாள் சற்று விலகினாலும் ஒரு பக்கம் நூல் போல வெள்ளைக் கோடு விழும். நடுவில் வைத்து, நான்காம் படியில் சொன்ன சோதனைத் தாளை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தாளின் வகையைச் சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டால், சில பிரிண்டர்கள் நிறமித் துகள் உள்ள கறுப்பு மையைப் போடும். அது பளபளப்பான தாளில் ஒட்டாது. விரல் பட்டால் தலைமுடியெல்லாம் கன்னத்தில் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஆறாம் படி: அச்சிடுதல்

முதலில் சாதாரணத் தாளில் மைத்துளைச் சோதனை (‘நாஸில் செக்’) எடுத்துக் கோடுகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத்திலிருந்து தாள் போகும் பிரிண்டரில் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். அடித்தட்டிலிருந்து போகும் வகையில் அது கீழ்நோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு தாள் மட்டும் வையுங்கள்.

பத்துப் பதினைந்து படம் எடுத்த பிறகு தாளின் பின்பக்கம் மைக்கறை ஒட்டத் தொடங்கலாம். வெளியே தெளித்த மைதான் அது. சாதாரண ஏ4 தாள் இரண்டு மூன்றை வெறுமனே உள்ளே ஓடவிட்டால் துடைத்துக்கொண்டு வந்துவிடும். பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு, நிறைந்துவிட்டால் பிரிண்டர் நின்றுவிடும். எல்லாவற்றையும் ஓரமில்லாமல் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு ஓரமில்லா அச்சு தேவையே இல்லை. சட்டத்தின் உள்விளிம்பு எப்படியும் சில மில்லிமீட்டரை மறைத்துவிடும். அங்கே வெள்ளை ஓரம் இருந்தால் அது மறையும், இல்லாவிட்டால் படமே மறையும்.

வேலை முடிந்ததும் பிரிண்டரிலுள்ள பொத்தானால் அணையுங்கள், சுவர் சுவிட்சை நேராக அணைக்காதீர்கள். மைத்தலை தன் மூடிக்குள் போய் அமர நேரம் வேண்டும். நம் சித்திரை வெயிலில் மூடாமல் கிடந்தால் மை வெகு விரைவில் காய்ந்து துளையை அடைத்துவிடும்.

கடைசிப் படி: உலர்த்துதல்

தொட்டுப் பார்த்தால் உடனே காய்ந்தது போலத் தெரியும், நம்பாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிழலில் பரப்பி வையுங்கள். முற்றத்து வெயில் கூடாது, தாள் சுருளும். கண்ணாடிச் சட்டத்தில் போடுவதாக இருந்தால் ஒரு முழு நாள் காத்திருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் மேல்பூச்சும் கூடவே வரும்.

காய்ந்ததும் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் தேதியையும், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரையும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். மெல்லிய மார்க்கர் பேனா நல்லது. எங்கள் பட்டாலைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் பழைய படங்களில் பாதிப் பேரை அப்பத்தா ஒருவருக்குத்தான் அடையாளம் தெரியும். சித்தப்பா முழுதாக வரும்படி மறுபடி அச்சிட்ட படத்தின் பின்னால் நாற்பத்தோரு பெயர்களையும் அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்.