நெஞ்சு வலியும் மனச்சோர்வும்: என் அனுபவம்

இடது பக்கம் மார்பெலும்பை ஒட்டி விரல் பட்டாலே வலி. இருமினாலும் புரண்டு படுத்தாலும் குத்தும். நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி., இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டும் சரியாக இருந்த பிறகே, விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பை அழுத்திப் பார்த்து 'காஸ்டோகான்ட்ரைடிஸ்', அதாவது அந்தக் குருத்தெலும்பில் அழற்சி, என்றார் டாக்டர். அங்கே வீக்கமும் தெரிந்தால் அது டீட்சே நோய், 1921-இல் விவரிக்கப்பட்டது. எனக்கு வீக்கம் இல்லை.

வலியோடு மனமும் சோர்ந்தது. தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வலித்தால் மனம் சோரத்தானே செய்யும் என்றார்கள் வீட்டில். அது பாதி உண்மை. அழற்சியின்போது சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களின் தாக்கம் மூளையையும் எட்டும்; காய்ச்சலில் சுருண்டு படுக்கத் தோன்றுவதும் அதனால்தான். ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு, சைட்டோகைன் வகையைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்தது வலுவான சான்று. ஆனாலும் மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் அழற்சி இருப்பதில்லை. ஒரு பகுதியினருக்கே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் கூடுதலாக இருக்கிறது.

டாக்டர் சொன்ன அளவில் சில காலம் அழற்சி தணிக்கும் மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், கனம் தூக்காமல் இருப்பது. அப்புறம், கதவு நிலையில் இரு கைகளையும் ஊன்றி மெல்ல முன்னே சாயும் பயிற்சி. எனக்குப் பெரிதும் உதவியது இதுதான்.

மனச்சோர்வுக்குத் தனியாக மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் எழுதித் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்தோடு அந்த அழற்சி தணிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இரண்டு டாக்டர்களிடமும் எல்லாச் சீட்டுகளையும் தவறாமல் காட்டுங்கள்.